ஃப்ளோரிடாவுக்குப் போகும் வெளிமாநிலத்தார் மீன்பிடி லைசென்ஸ் வாங்குவது எப்படி?

அட்லாண்டாவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டிசம்பர் லீவில் டாம்பா பக்கம் ஐந்து நாள் போகிறோம். தூத்துக்குடியிலிருந்து அப்பா வந்திருக்கிறார், வயது 67. கடலைப் பார்த்தால் தூண்டில் போடாமல் இருக்க மாட்டார். பையனுக்கு 14 வயது. என்னிடம் ஜார்ஜியா லைசென்ஸ் இருக்கிறது, அது அங்கே செல்லுமா? அப்பாவுக்கு வயதானவர்களுக்கான சலுகை கிடைக்குமா? கிடைக்காது என்றால் என் லைசென்ஸிலேயே அவர் பிடிக்கலாமா?"

தம்பி, மூன்றுக்கும் பதில் 'இல்லை'தான். ஆனால் செலவு நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை, வேலையும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். நான் டாம்பா விரிகுடா ஓரத்தில்தான் பல வருஷமாகத் தூண்டில் போடுகிறேன். ஊரிலிருந்து வந்த என் அப்பாவுக்கும் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஜார்ஜியா லைசென்ஸ். அமெரிக்காவில் மீன்பிடி உரிமம் கொடுப்பது மத்திய அரசு இல்லை, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கொடுக்கிறது. ஓட்டுநர் உரிமம் மாதிரி ஓரிடத்தில் வாங்கி நாடெல்லாம் சுற்ற முடியாது. எல்லை தாண்டினால் புதுச் சீட்டு. ஜார்ஜியாக்காரர்களுக்கு மட்டும் சின்ன விலக்கு ஒன்று உண்டு. இரு மாநில எல்லையில் கிடக்கும் செமினோல் ஏரியிலும் செயின்ட் மேரிஸ் ஆற்றிலும் ஒருவர் லைசென்ஸை மற்றவர் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் இருக்கிறது. டாம்பா அங்கிருந்து வெகு தூரம், எனவே அது உங்களுக்கு உதவாது.

அடுத்து அப்பாவின் வயது. ஃப்ளோரிடாவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான், ஆனால் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் தாத்தாவுக்கும் சரி, இந்தியாவிலிருந்து வரும் தாத்தாவுக்கும் சரி, அந்தச் சலுகை கிடையாது. நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இதுதான். இணையத்தில் தேடினால் 'முதியவர்களுக்கு இலவசம்' என்ற வரி முதலில் கண்ணில் படும். 'குடியிருப்பவர்' என்ற சொல் அடுத்த வரியில் இருக்கும்.

குடியிருப்பவர் என்றால் யார்? குடியுரிமை, கிரீன் கார்டு எதுவும் இதில் வராது. எச்1பியில் வந்து ஒர்லாண்டோவில் வீடு எடுத்துத் தங்கி, ஃப்ளோரிடா ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் இந்தக் கணக்கில் உள்ளூர்க்காரர். அட்லாண்டாவில் பிறந்து வளர்ந்த அமெரிக்கர் வெளியூர்க்காரர். ஃப்ளோரிடாவில் லீவுக்குத் தங்க ஒரு வீடு வாங்கிப் போட்டிருந்தாலும் அது மட்டும் உங்களை உள்ளூர்க்காரர் ஆக்கிவிடாது. நண்பர் வீட்டு முகவரியைப் போட்டு உள்ளூர் விலையில் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். குடியிருப்பைப் பற்றிப் பொய் சொல்லி வாங்குவது, லைசென்ஸே இல்லாமல் பிடிப்பதைவிடப் பெரிய சிக்கல்.

பையனுக்கு 14 என்பதால் கவலையே வேண்டாம். 16 வயதுக்குள் இருக்கும் யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், ஃப்ளோரிடாவில் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் மீனின் அளவு, எண்ணிக்கை, காலத்தடை எல்லாம் அவனுக்கும் உண்டு.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டது. இதில்தான் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. லைசென்ஸ் தூண்டில் கம்புக்கு இல்லை, ஆளுக்கு. உங்கள் பெயரில் இருப்பது உங்களுக்கு மட்டும்தான் செல்லும். "கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளுங்கள் அப்பா" என்று கொடுத்துவிட்டு நீங்கள் காபி வாங்கப் போகிற அந்த ஐந்து நிமிஷத்தில் அதிகாரி வந்தால், அபராதச் சீட்டு அப்பா பெயரில் எழுதப்படும். மீன் கிடைக்கவில்லை, கிடைத்ததை விட்டுவிட்டோம் என்பதும் பதிலாகாது. பிடிக்க முயல்வதற்கே லைசென்ஸ் வேண்டும் என்பது சட்டம். முதல் தடவை என்றால் 50 டாலரும் லைசென்ஸ் விலையும். மூன்று வருஷத்துக்குள் மறுபடி சிக்கினால் 250 டாலர். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், விசிட்டர் விசாவில் வந்த பெரியவர் கையில் அப்படி ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு ராத்திரி அவர் முகத்தை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? கூடவே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்கு எதுவும் வேண்டாம், உங்கள் மனைவி கம்பைத் தொடப் போவதில்லை என்றால் அவருக்கு வாங்க வேண்டியதில்லை.

சரி, விலைக்கு வருவோம். வெளிமாநிலத்தாருக்கு ஃப்ளோரிடாவில் மூன்று நாளுக்கு 17 டாலர், ஏழு நாளுக்கு 30, ஒரு வருஷத்துக்கு 47. உப்புநீருக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று எனத் தனித்தனியாக, ஆனால் விலை ஒன்றுதான். இணையத்தில் வாங்கினால் சிறு கையாளும் கட்டணம் சேரும். உங்களுக்கு ஐந்து நாள் என்பதால் ஏழு நாள் சீட்டை எடுங்கள். மூன்று நாள் சீட்டு இரண்டு வாங்கினால் 34 ஆகிவிடும், 30-க்கே ஏழு நாள் கிடைக்கிறது. வசந்த காலத்தில் இன்னொரு தடவை வரும் எண்ணம் இருந்தால் வருஷச் சீட்டுதான் லாபம். இரண்டு ஏழு நாள் சீட்டு 60, வருஷம் 47. நாட்கள் தொடர்ச்சியாகத்தான் ஓடும். திங்கள் ஒரு நாள், வியாழன் ஒரு நாள் என்று பிரித்து வைத்துக்கொள்ள முடியாது. வாங்கும்போது தொடக்கத் தேதி கேட்பார்கள், அதில் கவனம் தேவை. சிலர் அட்லாண்டாவில் உட்கார்ந்து அன்றைய தேதியையே போட்டுவிட்டு, காரோட்டி வந்து சேர்வதற்குள் ஒரு நாளைத் தொலைத்துவிடுகிறார்கள்.

உள்ளூர்க்காரர் ஒரு வருஷத்துக்குக் கொடுப்பது 17 டாலர், நாம் மூன்று நாளுக்குக் கொடுப்பதும் 17. இது அநியாயம் இல்லையா என்று என் அப்பா கேட்டார். அமெரிக்காவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. மொன்டானா மாநிலத்தில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட உள்ளூர்க்காரருக்கு 9 டாலர், வெளியூர்க்காரர் 225 டாலருக்குப் பல வேட்டைகள் சேர்ந்த உரிமம் எடுத்தாக வேண்டும் என்று இருந்தது. வழக்குப் போட்டார்கள். 1978-இல் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது: பொழுதுபோக்கு வேட்டை, எல்லா மாநிலத்தாருக்கும் சமமாகக் கொடுத்தே ஆக வேண்டிய அடிப்படை உரிமை ஆகாது, விலங்குகளைப் பராமரிக்கும் செலவை வருஷம் முழுக்க வரியாகச் சுமப்பவர் உள்ளூர்க்காரர் என்று. எனக்கு இதில் மனத்தாங்கல் இல்லை. ஏனென்றால் பணம் போகும் வழி எனக்குத் தெரியும். 1950-இல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி, தூண்டில் சாமான்கள்மேல் மத்திய அரசு வசூலிக்கும் வரி மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அந்தப் பங்கில் 60 சதவீதம், எத்தனை பேர் லைசென்ஸ் எடுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, மீதி 40 நிலப்பரப்பைப் பொறுத்தது. லைசென்ஸ் பணத்தை மாநிலம் மீன், வன உயிர் வேலைகளுக்கு மட்டும்தான் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு, ரோடு போட எடுக்க முடியாது. உங்கள் அப்பா பெயரில் ஒரு சீட்டு ஏறினால் அந்தக் கணக்கில் ஒரு தலை கூடுகிறது.

உப்புநீரா நன்னீரா? டாம்பா விரிகுடா, பாலங்கள், கடற்கரை என்று சுற்றுவதென்றால் உப்புநீர் சீட்டு போதும். ஓக்கிசோபி ஏரிக்கோ, தங்கும் ஊரில் உள்ள ஏதாவது ஏரிக்கோ போய் பாஸ் மீன் பிடிக்கும் ஆசை இருந்தால்தான் நன்னீர் சீட்டு. இரண்டையும் 'இருக்கட்டுமே' என்று வாங்கிக் காசைப் போட வேண்டாம். ஒரு மாலைக்காக வேண்டுமென்றால் அன்று காலை போனிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே வாங்குவது? இங்கேதான் நான் ஒரு தடவை ஏமாந்தேன். முதல் வருஷம், தேடலில் மேலே வந்த ஒரு தளத்தில் பெயர், முகவரி, கார்டு எண் எல்லாம் கொடுத்துப் பணம் கட்டினேன். வந்தது லைசென்ஸ் இல்லை. 'லைசென்ஸ் வாங்குவது எப்படி' என்று விளக்கும் ஒரு பிடிஎஃப். பார்க்க அரசாங்கத் தளம் மாதிரியே இருந்தது, மாநிலத்தின் படம்கூடப் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட தளங்கள் இன்னும் இருக்கின்றன. ஃப்ளோரிடாவில் இதைக் கவனிப்பது மீன், வன உயிர் ஆணையம், எஃப்டபிள்யூசி என்பார்கள். தேடலுக்குப் போகாமல் மைஎஃப்டபிள்யூசி டாட் காம் என்று நீங்களே தட்டி, அங்கிருந்து வாங்கும் பக்கத்துக்குப் போங்கள், அது கோஅவுட்டோர்ஸ்ஃப்ளோரிடா என்ற தளத்துக்குக் கூட்டிப் போகும், அதுதான் சரியானது. இல்லாவிட்டால் 'ஃபிஷ் ஹன்ட் ஃப்ளோரிடா' என்ற ஆப். வாங்கிய சீட்டு அதிலேயே இருக்கும், அதிகாரியிடம் போனைக் காட்டினால் போதும்.

ஆனால் அப்பாவுக்கு நான் சொல்வது கடைக்கு நேரில் கூட்டிப் போங்கள் என்பதுதான். வால்மார்ட்டில் விளையாட்டுச் சாமான் பகுதியில் கொடுப்பார்கள், தூண்டில் கடைகளிலும், கவுன்டி வரி அலுவலகத்திலும் கிடைக்கும். பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். பதற வேண்டாம், மீன்பிடி லைசென்ஸ் விண்ணப்பத்திலும் அதைக் கேட்க வேண்டும் என்று மத்திய சட்டம் சொல்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சத்தைக் கட்டாமல் திரிபவர்களைக் கண்டுபிடிக்க வந்த ஏற்பாடு அது. அப்பாவுக்கு அந்த எண்ணே கிடையாது என்று சொல்லிப் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். இணையப் படிவத்தில் இந்த இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்பதைவிட, கவுன்டரில் ஒரு மனிதரிடம் சொல்வது சுலபம்.

என் அப்பா வேதாரண்யம் பக்கம். "கடலுக்குச் சீட்டு வாங்கணுமாடா?" என்று காரில் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். கடையில் இருந்த பெண் அவர் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, எழுத்து சரியாக இருக்கிறதா என்று திரையைத் திருப்பிக் காட்டினார். அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நீளமான ஒரு தாள் வெளியே வந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அந்த ஒரு வாரமும் தினமும் சட்டை மாற்றும்போது தாளும் புதுச் சட்டைப் பைக்கு மாறியது. பாலத்தடியில் ஒரு நாள் அதிகாரி ஒருவர் வந்து கேட்டபோது, நான் போனை எடுப்பதற்குள் அவர் தாளை விரித்து நீட்டிவிட்டார். அதிகாரி பார்த்துவிட்டு, என்ன இரை என்று விசாரித்துவிட்டுப் போனார். போனில் இருந்தால் போதும் என்றாலும், அப்பா பெயரில் ஒரு தாளை அச்சடித்துக் கையில் கொடுங்கள்.

லைசென்ஸ் இல்லாமலே பிடிக்க வழி உண்டா? உண்டு, நேர்மையான வழிகளே இரண்டு மூன்று இருக்கின்றன. ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கடலுக்குள் கூட்டிப்போகும் சார்ட்டர் படகுகளில் லைசென்ஸ் படகுக்காரர் எடுத்திருப்பார், பயணிகளுக்குத் தனியாக வேண்டாம். வாடகைப் படகை நீங்களே ஓட்டிப் போனால் அது வேறு, ஆளாளுக்கு வேண்டும். களவா, சங்கரா மாதிரிப் பாறை மீன்களைத் தேடிப் போவதாக இருந்தால் அதற்கு மேலே இலவசப் பதிவு ஒன்றும் உண்டு. வருஷத்தில் சில நாட்கள் எல்லோருக்குமே விலக்கு. உப்புநீருக்கு ஜூன் முதல் சனி, ஞாயிறு, செப்டம்பர் முதல் சனி, நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்து வரும் சனி. டிசம்பரில் எதுவும் இல்லை.

மூன்றாவது வழி உங்களுக்கு நன்றாகப் பொருந்தும். கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் சில கடல் மேடைகள் (பியர் என்பார்கள்) தாங்களே மொத்தமாக லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கும், அதன் மேல் நின்று பிடிப்பவருக்குத் தனிச் சீட்டு தேவையில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் இருக்கும் ஸ்கைவே மேடை அப்படிப்பட்டது. பழைய சன்ஷைன் ஸ்கைவே பாலத்தின் மிச்சம் அது. 1980 மே 9 அன்று புயல் மழையில் ஒரு சரக்குக் கப்பல் மோதிப் பாலம் உடைந்து 35 பேர் இறந்தார்கள். 1987-இல் புதுப் பாலம் வந்தது, பழைய பாலத்தின் துண்டுகளை மீன்பிடிப்பவர்களுக்கு விட்டார்கள். காரை மேடை மேலேயே ஓட்டிப் போய், பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தூண்டில் போடலாம். முழங்கால் வலிக்கும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பெரும் புயல்களுக்குப் பின் கொஞ்ச காலம் மூடிவைப்பதுண்டு, கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே 2023-இலிருந்து சில புது விதிகள் இருக்கின்றன, அவற்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். இணையத்தில் ஒரு சிறு பாடம் முடித்துவிட்டுப் போக வேண்டும். ஓர் ஆளுக்கு இரண்டு தூண்டிலுக்கு மேல் கூடாது. நவம்பர் 16 முதல் மார்ச் 15 வரை பல முள் கோத்த தூண்டில் கயிறு கூடாது, நீங்கள் வருவது அந்தக் காலத்தில்தான். எல்லாம் கூழைக்கடாக்களுக்காக. நம் கூந்தன்குளத்தில் பார்க்கிறோமே, அந்தப் பறவையின் பழுப்பு நிற உறவு. குளிர்காலத்தில் மேடையைச் சுற்றிக் கூட்டமாக வந்து, நாம் இழுக்கும் மீனை நடுவில் பாய்ந்து பிடிக்கும், முள் தொண்டையிலோ இறக்கையிலோ ஏறிவிடும். அப்போது பயத்தில் தூண்டில் நரம்பை அறுத்துவிடாதீர்கள். அறுத்த நரம்போடு பறந்து போய்ச் சதுப்பு மரத்தில் சிக்கித் தொங்கியே செத்துப்போகும். மெதுவாக இழுத்து, வலைக் கூடையால் மேலே தூக்கி, தலைமேல் ஒரு துண்டைப் போடுங்கள். அலகைப் பிடிக்கும்போது ஒரு விரல் இடைவெளி விடுங்கள். அதற்கு வெளி மூக்குத்துளை இல்லை, வாய் வழியாகத்தான் மூச்சு விடும். முள்ளின் கொக்கியை இடுக்கியால் நறுக்கிவிட்டு, வந்த வழியிலேயே உருவிவிடலாம். நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன். துண்டைப் போட்டதும் அவ்வளவு பெரிய பறவை அப்படியே அடங்கிவிடும், கைக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் தெரியும்.

தூத்துக்குடிக்காரர் என்பதால் அப்பா வலையைப் பற்றிக் கேட்பார். வீச்சு வலை போடலாம், லைசென்ஸ் இருந்தால், வலை 14 அடிக்கு மேல் இல்லாமல் இருந்தால். செவுள் வலை கூடவே கூடாது. 1994-இல் மாநில மக்களே வாக்களித்து அரசியல் சட்டத்திலேயே தடையை எழுதினார்கள், 1995 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது.

இதெல்லாம் ஃப்ளோரிடா கதை. அடுத்த லீவுக்கு வேறு பக்கம் போனால் கணக்கு மாறிவிடும், தேசியப் பூங்காக்களில் இன்னும் விசித்திரமாக மாறும். யெல்லோஸ்டோனில் எந்த மாநில லைசென்ஸும் செல்லாது, பூங்காவே தனிச் சீட்டு கொடுக்கிறது. கிளேசியர் பூங்காவுக்குள் லைசென்ஸே தேவையில்லை. கிரேட் ஸ்மோக்கியில் டென்னஸி, வட கரோலினா இரண்டில் எது இருந்தாலும் பூங்கா முழுவதும் செல்லும். அட்லாண்டாவிலிருந்து அது பக்கம் என்பதால் சொல்லி வைத்தேன். எவர்கிளேட்ஸ் பூங்காவில் ஃப்ளோரிடா லைசென்ஸ்தான். இன்னொன்று, ஒரு மாநிலத்தில் உங்கள் உரிமத்தை நிறுத்திவைத்தால் பெரும்பாலான மாநிலங்கள் அதைத் தங்களிடமும் நிறுத்திவைக்கும்படி ஒப்பந்தம் செய்திருக்கின்றன. ஃப்ளோரிடாவில் வந்த நோட்டீஸை ஜார்ஜியாவில் கண்டுகொள்ளாமல் விட முடியாது.

கடைசியாக, டிசம்பரில் என்ன பிடிக்கலாம் என்பது. அப்பாவின் தூண்டிலில் ஸ்நூக் என்ற மீன் விழலாம். பார்த்ததும் "கொடுவாடா!" என்பார். நம் கொடுவா மீன் மாதிரி அப்படியேதான் இருக்கும், உடம்பின் பக்கவாட்டில் மட்டும் தலையிலிருந்து வால் வரைக்கும் மை தீட்டியது மாதிரி ஒரு கறுப்புக் கோடு ஓடும். டாம்பா பக்கம் டிசம்பர் ஒன்றிலிருந்து பிப்ரவரி முடியும்வரை அதை வீட்டுக்கு எடுத்துப் போகத் தடை. தடையில்லாத மாதங்களிலும் 28 முதல் 33 அங்குலத்துக்குள் இருப்பது ஒன்றே ஒன்று, அதற்கும் 10 டாலர் தனி அனுமதி. என் அப்பா ஒன்று பிடித்து, தண்ணீரில் வாலைப் பிடித்துக்கொண்டு, அது தெம்பு வந்து உதறிக்கொண்டு போகும்வரை விடாமல் நின்றார். முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால் சண்டை வரவில்லை. நீங்களும் கார் கிளம்புமுன்பே சொல்லிவிடுங்கள்.

குழம்புக்கு ஷீப்ஸ்ஹெட் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட மீன், வாயைத் திறந்தால் மனிதப் பல் மாதிரி வரிசையாக இருக்கும். குளிர் மாதங்களில் பாலத் தூண்களை ஒட்டியே மேயும். 12 அங்குலத்துக்குக் குறையாமல் ஆளுக்கு எட்டு எடுக்கலாம். சின்ன முள்ளில் இறால் துண்டு, இல்லாவிட்டால் குட்டி நண்டு. தூணுக்கு ஒரு முழம் தள்ளி நேராக இறக்குங்கள், சுண்டி வீச வேண்டாம். கடி தெரியவே தெரியாது, நரம்பு லேசாகக் கனக்கும், அவ்வளவுதான். அந்தக் கனத்தை உங்களைவிட அப்பாவின் விரல் முதலில் கண்டுபிடிக்கும்.